ஊறலும் தேறலும்

தமிழில் குடியைப் பற்றிப் பேச இன்று நம்மிடம் இரண்டு பாஷைகள்தாம் இருக்கின்றன. ஒன்று மேடையின் பாஷை. அது தீர்ப்புச் சொல்கிறது. மற்றது கடை வாசலின் பாஷை: சரக்கு, கட்டிங், குவார்ட்டர். இது அளவு சொல்கிறது. குடிக்கப்படும் பொருள் எதிலிருந்து வந்தது, எத்தனை நாள் காத்திருந்தது, நாக்கில் என்ன செய்கிறது என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டிலும் பதில் கிடையாது. ஆதியிலிருந்தே தமிழுக்கு இப்படி ஒரு குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. கள், தோப்பி, தேறல், நறவு, பிழி, அரியல், மட்டு, மகிழ் என்று பழைய நூல்களில் விரவிக் கிடக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று பதிலி அல்ல. ஒவ்வொன்றும் ஒரு செய்முறையையோ, ஒரு நிலையையோ, ஒரு சுவையையோ குறித்தவை. அவை நம்மை விட்டுப் போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லிப் பார்ப்பது இலக்கியத்துக்குப் புறம்பான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குவதற்கு ஒரு சொல் போதும்: ஊறல். ஊறுகாயும், ஊறவைத்த அரிசியும், ஊற்றும், ஊறிப்போன வழக்கமும் எல்லாம் இந்த வினையில் பிறந்தவை. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் மெதுவாக இறங்குவதற்குத் தமிழ் வைத்த பெயர் இது. ஆனால் 'ஊறல்' என்று பெயர்ச்சொல்லாக அச்சில் பார்ப்பது இப்போது பெரும்பாலும் போலீஸ் செய்தியில்தான். பச்சைமலையிலோ கல்வராயன் மலையிலோ இத்தனை லிட்டர் சாராய ஊறல் கண்டுபிடித்து அழிக்கப்பட்டது என்று நாலு வரி வரும். மண்ணில் புதைத்த பேரல், வெல்லம், பட்டை, சில சமயம் அழுகிய வாழைப்பழமும் திராட்சையும். அதே பேப்பரின் ஞாயிறு இணைப்பில் கோடைக்கு ஏற்ற காக்டெயில் பற்றி ஒரு பக்கம் வந்தாலும் வரும். வோட்காவில் மாங்காய்த் துண்டு போட்டு ஒரு வாரம் மூடி வைக்கலாம். ரம்மில் அன்னாசியும் பச்சை மிளகாயும் போடலாம். ஜின்னில் நன்னாரி வேர் போடலாம். இதற்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். இன்ஃப்யூஷனுக்குத் தமிழ் ஊறல்தான். ஒரே வினை மலையடிவாரத்தில் வழக்காகவும் மாடி வீட்டில் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. இரண்டு இடத்திலும் பழம் ஒன்றுதான்.

*

பழத்தை ஊறவிட்டுக் குடித்ததற்கு நம்மிடம் இருக்கும் பழைய சாட்சி அகநானூற்றின் 348-ஆம் பாட்டு. வீட்டு முற்றத்து மாமரத்தில் கோடையில் கனிந்த பழம்; அதோடு பலாச்சுளை; அதோடு தேன். இந்தக் கலவையை நீண்ட மூங்கிலுக்குள் அடைத்து முதிர வைக்கிறார்கள். ஆன பிறகு அதன் கடுமை பாம்பின் சீற்றத்துக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. முதல் பங்கு மலைத் தெய்வத்துக்குப் போகிறது. பிறகு தழையுடை அணிந்த பெண்கள் ஊற்றித் தர, குறவர்கள் குடிக்கிறார்கள். குடித்தவர்கள் தினைப்புனத்தை மறக்கிறார்கள். யானை வந்து கதிரைத் தின்றுவிட்டுப் போகிறது. அப்புறம் கிழவர்களும் இளைஞர்களும் சுற்றத்தோடு கூடி வில்லைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

இது ஒரு செய்முறைக் குறிப்பாகவே இருக்கிறது. எந்தப் பழம், எந்தப் பருவம், எந்தக் கலம், எவ்வளவு கடுமை, யார் ஊற்றினார்கள், முதலில் யாருக்கு, பின்விளைவு என்ன. எதையும் கவி விடவில்லை. இத்தனையும் ஒரு நாட்டின் வர்ணனையாக மட்டுமே வருகிறது என்பதுதான் விசேஷம். அந்த நாட்டைச் சேர்ந்தவனுடைய நிலையில்லாத வார்த்தையை நம்பிவிட்ட தன் நெஞ்சைப் பற்றித்தான் தலைவி பேசுகிறாள். 'நம்பிய' என்ற இடத்தில் பாட்டு ஆளும் சொல் 'தேறிய'.

தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீர் அடங்கித் தெளிவதும் தேறுதல். நோயாளி எழுந்து உட்காருவதும் தேறுதல். ஒருவனை நம்பத் துணிவதும் தேறுதல். பரீட்சையில் பையன் வெற்றி பெறுவதும் தேறுதல். தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயர். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். ஆக, அந்தப் பெண்ணின் நெஞ்சு தேறியது என்றால், அது தெளிந்ததாக நினைத்துக்கொண்டது; உண்மையில் மூங்கிலுக்குள் இருந்ததைக் குடித்தவர்களைப் போலத் தன் காவலை மறந்துவிட்டது. கவி குடியைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. அதன் உள்வேலையை அறிந்தவன், அந்த அறிவைக் காதலின் மேல் பொருத்துகிறான். இந்த அறிவு அவனுக்கு எப்படி வந்தது? ஊறுவதற்கும் தேறுவதற்கும் இடையில் இருக்கும் நாட்களைக் கண்ணால் பார்த்த சமூகத்திலிருந்து வந்தது.

பெரும்பாணாற்றுப்படையில் இதைவிட விரிவான குறிப்பு இருக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை. பச்சை வாடை போகும் வரை என்பதற்கு 'வழைச்சு' அற என்கிறது அந்த நூல். பக்குவப்படாத பண்டத்தின் பச்சைத்தன்மைக்கு ஒரு தனிச்சொல்! கள் காய்ச்சும் பெண்களும் அதே நூலில் வருகிறார்கள். வீட்டில் ஆக்கிய தோப்பியும் வருகிறது. புறநானூற்றில் ஔவை பாடிய ஒரு பாட்டில், நாட்பட்ட தேறலின் கடுமை தேள் கொட்டுவதற்கு ஒப்பிடப்படுகிறது. பாம்பு வேறு, தேள் வேறு. போதையின் தரத்தை இப்படிப் பிரித்துச் சொன்னவர்களுக்கு நாக்கு இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு சங்க காலத்தைப் பொற்காலமாக்கும் வேலைக்கு நான் வரவில்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டிய அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களே அடுத்த மூச்சில் திருக்குறளின் 93-ஆம் அதிகாரத்தையும் சொல்லி முடிப்பார்கள். என் அக்கறை வேறு. புளிக்கவைத்துக் குடித்த சமூகத்துக்குக் காலம் பற்றிய சொற்கள் இருந்தன. நாட்படுதல், பழுத்தல், விளைதல், வழைச்சு அறுதல், தேறுதல். இந்தச் சொற்களுக்கு என்ன ஆயிற்று?

*

பதிலுக்கு நான் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறேன். பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்களாகவே இருந்தன. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை. ஆற்றங்கரையை விட்டால் மானாவாரிதான்: சோளம், பருத்தி, கடலை, இப்போது மக்காச்சோளம். கிழக்கே செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. குறிஞ்சிப் பாட்டின் பலாவும் தேனும் பச்சைமலையில் உண்டு என்றாலும், சமவெளியின் வறட்டுத் தரைக்கு உரிய மரங்கள் பனையும் வெள்வேலும்.

இந்த வெள்வேல மரம்தான் எங்கள் சரித்திரத்தின் முக்கிய பாத்திரம். வெளிறிய பட்டை, நீண்ட முள், ஆடு விரும்பித் தின்னும் காய். இதன் பட்டையை வெல்லக் கரைசலிலோ பனஞ்சாற்றிலோ போட்டு ஊறவைத்து வடித்ததுதான் பட்டைச் சாராயம். தாவரவியல் புத்தகங்கள் இம்மரத்துக்கு ஆங்கிலத்தில் கொடுத்திருக்கும் பெயர்களில் ஒன்று, சாராயம் வடிப்பவனின் வேல் என்று பொருள்படுவது. பட்டையின் வேலை என்ன? அதன் துவர்ப்பு, சாற்றில் மிதக்கும் கலங்கல் பொருள்களைத் திரட்டிக் கீழே படிய வைக்கிறது. அதாவது ஊறலைத் தேற வைக்கிறது. தேற்றாங்கொட்டை தண்ணீருக்குச் செய்யும் காரியத்தை வேலம்பட்டை வெல்லத்துக்குச் செய்கிறது. கூடவே தன் கசப்பையும் மணத்தையும் கொஞ்சம் விட்டுச் செல்கிறது.

காக்டெயில் என்ற சொல்லுக்கு அச்சில் முதல் விளக்கம் கொடுத்தது 1806-ல் நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பத்திரிகை. ஸ்பிரிட், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் இந்த நாலும் சேர்ந்தது என்று அது சொல்லிற்று. பிட்டர்ஸ் என்பது வேரும் பட்டையும் மூலிகையும் ஊறிய கசப்புச் சாரம். உலகப் புகழ் பெற்ற ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸை 1824-ல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கு மருந்தாகத் தயாரித்தார். ஆக, வெல்லமும் தண்ணீரும் வேலம்பட்டையும் சேர்ந்த பெரம்பலூர்ப் பானைக்கும் ஹட்சன் பத்திரிகையின் இலக்கணத்துக்கும் தூரம் அதிகமில்லை. சித்த வைத்தியனின் வாலையும் தீநீரும் இதே குடும்பம்தான். உலர்ந்த திராட்சையைக் கஷாயமாக்கி, வெல்லமும் காட்டாத்திப்பூவும் சேர்த்து, சட்டியின் வாயை மூடி ஏறத்தாழ ஒரு மாதம் வைக்கும் திராட்சாரிஷ்டம், பழத்தில் செய்த மது என்பதை எந்த வைத்தியனும் மறுக்க மாட்டான். பெயர் மட்டும் மருந்து.

இந்தத் தொடர்ச்சியை முதலில் அறுத்தது மதுவிலக்கு அல்ல, வரி. சென்னை ராஜதானியின் அப்காரிச் சட்டம் 1886-ல் வந்தது. ஊர் ஊராக வடித்துக்கொண்டிருந்ததை ஒழித்து, ஒருசில பெரிய ஆலைகளில் வடித்து, வரி கட்டி, ஏலம் எடுத்த கடையில் விற்பது என்ற முறை நிலைத்தது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. தென்னாற்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையோடு சாராய ஆலையும் இருந்தது. சர்க்கார் அதிகாரி கையில் சைக்ஸ் ஹைட்ராமீட்டர் இருந்தது. அந்தக் கருவியைத் திரவத்தில் விட்டால் மிதக்கும். எவ்வளவு மிதக்கிறது என்பதைக் கொண்டு பலம் கணக்கிடுவார்கள். புரூஃபுக்கு இத்தனை டிகிரி கீழே என்று கணக்கு எழுதுவார்கள். ஹைட்ராமீட்டருக்குப் பட்டையின் மணம் தெரியாது. பழம் தெரியாது, நாள் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, வரி பலத்துக்குத்தான்.

தமிழில் மதுவுக்குச் சொற்கள் குறைந்த கதை இங்கே தொடங்குகிறது என்பது என் கட்சி. வீட்டில் ஆக்கியவளுக்குப் பத்துச் சொல் வேண்டியிருந்தது. கடையில் வாங்குகிறவனுக்கு அளவு போதும். ராஜதானியின் வருமானத்தில் நிலவரியோடு போட்டி போடும் இனமாக அப்காரி வளர்ந்த காலத்தில், சாராயம் என்பது ருசியாக இல்லாமல் ரூபாயாக ஆயிற்று.

*

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வடாற்காடு. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் அன்று முதல் அந்தக் கணக்கில் பங்குதாரன். சேலம் ஜில்லாவின் ஆத்தூர்த் தாலுகாவும் திருச்சி ஜில்லாவின் பெரம்பலூர்த் தாலுகாவும் பச்சைமலையில் தொட்டுக்கொள்கின்றன. சில வருஷங்கள் அந்த எல்லைக்கு மேற்கே சாராயம் குற்றம், கிழக்கே ஏலம். ஒரே மலை, ஒரே மரம், ஒரே பட்டை. சட்டம் ஒரு பொருளின் தன்மையைச் சொல்வதில்லை, அது இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான படிமத்தை எந்தப் புதுக்கவிதைக்காரனும் கண்டுபிடித்ததில்லை. போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, 1946-ல் திரும்பி வந்து, 1948 அக்டோபர் 2-ந் தேதி ராஜதானி முழுவதையும் மூடியது.

மதுவிலக்கைக் கேலி செய்வது சுலபம். நம் வட்டத்தில் அது வழக்கமும்கூட. 1921-ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றதை நினைத்துக்கொண்டால் கேலி கொஞ்சம் அடங்கும். கடைக்குப் போன கூலிக் காசு அடுப்புக்கு வரவில்லை என்பதை அறிந்தவர்கள் பெண்கள். பழைய பாட்டில் மது ஆக்கியவர்களும் ஊற்றியவர்களும் பெண்கள். இருபதாம் நூற்றாண்டில் கடையை மூடச் சொன்னவர்களும் பெண்கள். இதில் முரண்பாடு இல்லை. ஆக்குவது அவள் கையை விட்டுப் போய், குடித்தவன் மட்டும் அவள் வீட்டில் மிஞ்சினான். ஏலக்கடை உண்டாக்கிய ஏற்பாடு அது.

ஆனால் மதுவிலக்கு ருசிக்குச் செய்தது என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கள்ளச் சரக்கின் நாற்றத்தை மறைக்கப் பழச்சாறும் தேனும் கலப்பது அந்தக் காலத்தில் பெருகிற்று. மருந்துக்கடையில் கிடைத்த ஜமைக்கா இஞ்சிச் சாரத்தைக் குடித்து 1930-ல் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விளங்காமல் போயிற்று. சோதனையை ஏமாற்ற அதில் ஒரு ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். தமிழ்நாட்டு மதுவிலக்கிலும் இஞ்சிதான் கைகொடுத்தது: டிஞ்சர் ஜிஞ்சர். அரிஷ்டமும் ஆசவமும் நோயாளிகள் இல்லாத வீடுகளுக்கும் போயின. வார்னிஷும் போயிற்று. மருந்தா மதுவா என்ற இந்த வழக்கு 1951-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பம்பாய் ராஜ்யத்துக்கும் பல்சாராவுக்கும் நடந்த அந்த வழக்கில், சாராயம் சேர்ந்த மருந்துகளையும் அலங்காரப் பொருள்களையும் பொறுத்தமட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் பகுதிகள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1955-ல் இவற்றுக்கென்றே மத்திய சர்க்கார் தனி வரிச் சட்டம் போட்டது. பழையவர்கள் இஞ்சியை மணத்துக்காக ஊறவைத்தார்கள். இவர்கள் இஞ்சியை முகமூடியாக வைத்தார்கள். ஊறல் அன்றைக்கு மறைப்பதற்கான உபாயமாக இறங்கிற்று. நாட்படுவதற்கு நேரமில்லை. போலீஸ் வருவதற்குள் வடித்தாக வேண்டும்.

*

1971 ஆகஸ்டு 30-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-க்குள் திரும்ப வந்தது. 1981-ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-லிருந்து கள்ளும் சாராயமும் விலக்கு. இடையில் 1990-ல் மலிவு விலை மது என்று ஒன்று வந்து 1991-ல் போயிற்று. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. திறப்பதும் மூடுவதுமாக நடந்த இத்தனை ஆட்டத்தின் முடிவில், மரத்திலிருந்து இறங்கிய பானம் சட்டவிரோதம் ஆயிற்று. ஆலையிலிருந்து வந்த பானம் அரசு வியாபாரம் ஆயிற்று.

இந்த ஆலைப் பானத்தின் உத்தியோகபூர்வமான பெயர், இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது. இதைவிட ஒரு நல்ல எதிர்க்கவிதையை எந்த இலாகாவும் எழுதியதில்லை. பிராந்தி என்பது திராட்சையிலிருந்து வர வேண்டியது. நம் கடையில் விற்கும் பிராந்தியில் பெரும்பாலானதின் அடிப்படை, கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த மணமற்ற ஸ்பிரிட். பெரம்பலூர்ப் பக்கத்தில் எறையூரில் ஒரு சர்க்கரை ஆலை இருப்பதால் கழிவுப்பாகு என்ன மணம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஸ்பிரிட்டுக்கு எசன்ஸில் மணமும் காராமலில் நிறமும் கொடுக்கிறார்கள். ஆக, மணமூட்டிய மது என்பது நாகரிக வீடுகளின் புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் குவார்ட்டர் வாங்கும் தொழிலாளி தினமும் குடிப்பது அதைத்தான். வித்தியாசம் இவ்வளவே: அதில் பழம் ஊறவில்லை, பழத்தின் பெயர் மட்டும் ஊறியிருக்கிறது.

எங்கள் கிழக்குத் தாலுகாக்களின் முந்திரி இதற்கு எதிர்ப்பக்கம். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் அது. கோவாவில் அதன் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, சில நாள் புளிக்கவிட்டு, வடிக்கிறார்கள். முதல் வடிப்பு ஊராக், கோடைக்குரியது, எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். மறுபடி வடித்தால் ஃபெனி. 2009-ல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அதைத் தன் பாரம்பரிய பானமாக அறிவித்தது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பய்யாவூரில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு 2022-ல் முந்திரிப் பழத்தில் மது வடிக்க அனுமதி தரப்பட்டது. செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் அதே மரம், அதே பழம், அதே பங்குனி சித்திரை. கொட்டையைப்போல் பல மடங்கு எடையுள்ள பழம். திருகிக் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். பறித்து ஒரு நாள் தாண்டாது, புளித்துவிடும். நான் வேலை பார்க்கும் வங்கியின் பயிர்க்கடன் படிவத்தில் முந்திரி என்றால் கொட்டை. பழத்துக்கு மதிப்பு எழுத அங்கே கட்டம் இல்லை.

தமிழ்நாடும் ஃபெனி வடிக்க வேண்டும் என்று மனுப் போடுவது என் நோக்கமல்ல. அது விவசாயிகளும் சர்க்காரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஓர் ஊரில் பாரம்பரியம் என்று முத்திரை பெற்றது இன்னோர் ஊரில் குப்பை என்ற பெயரில் கிடப்பதற்கு, பழத்தின் குணம் காரணமல்ல என்பதைத்தான் சொல்கிறேன். நமக்கு 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று ஒரு பழமொழி உண்டு. இலுப்பையின் பூ இனிப்பென்று தெரிந்தவன்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். ஆலை வந்த பிறகு இலுப்பை வெறும் ஏளனமாக மிஞ்சியது. வடக்கே அதே குடும்பத்து மரத்தின் பூவில் வடிக்கும் மஹுவாவுக்கு, ஆதிவாசிகளின் பெயரால், சில வருஷங்களாக மத்தியப் பிரதேசத்தில் பாரம்பரிய மது என்ற அந்தஸ்து.

*

2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கிய சாவு அறுபத்தைந்தைத் தாண்டிற்று. கள்ளக்குறிச்சி பெரம்பலூருக்கு அடுத்த வீடு மாதிரி. வெள்ளாற்றைத் தாண்டினால் வந்துவிடும். அந்தச் சாவுகளுக்கு எல்லாரும் சொன்ன பெயர் கள்ளச்சாராயம். பொருள் அதுவல்ல. மெத்தனால், தொழிற்சாலைகளுக்காகச் செய்யப்படும் ரசாயனம். அதில் வெல்லம் இல்லை, பட்டை இல்லை, பழம் இல்லை. அது எந்தப் பானையிலும் ஊறவில்லை. பத்து மில்லி உள்ளே போனால் கண் போகலாம். இன்னும் கொஞ்சம் போனால் உயிர். அதைத் தண்ணீரில் கலந்து பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் நாக்கில் வைத்தார்கள். நாக்கு எச்சரிக்கவில்லை. மெத்தனாலின் மணமும் ருசியும் சாராயத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதவை. பழகிய நாக்கும் ஏமாறும். எனவே ருசி அறிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பொய்யான ஆறுதல். நான் சொல்வது வேறு. எதை விற்றாலும் 'சரக்கு' என்ற ஒரே சொல்லில் அது அடங்கிவிடும் நிலையை நாம் வெகுநாள் முன்பே உண்டாக்கிவிட்டோம். எதிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் மொழியிலேயே இல்லாதபோது, மெத்தனாலும் சரக்குதான்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் 2024-ல் கடுமையாக்கப்பட்டன. அது வேண்டியதுதான். மலையில் ஊறல்களும் நிறைய அழிக்கப்பட்டன. ஊறிய பானைக்கும் ஊறாத பாக்கெட்டுக்கும் செய்தியில் ஒரே பெயர்.

இதில் நம் பங்கு என்ன என்று கேட்கலாம். தமிழ்ப் புதுக்கவிதையில் குடி நிறைய இருக்கிறது. இரவு, தனிமை, காலியான பாட்டில், தள்ளாட்டம், மறுநாள் காலை. போதையின் கவிதைகள் அவை. அவற்றில் சில நல்ல கவிதைகளும்கூட. ஆனால் எந்தக் கவிதையிலும் கோப்பைக்குள் இருப்பது எது என்று தெரிவதில்லை. மூங்கிலுக்குள் மாம்பழமும் பலாவும் எத்தனை நாள் கிடந்தன என்று அறிந்த கவியின் வரிசையில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாம், டாஸ்மாக் லேபிளுக்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. கடை வாசலின் பாஷையையே கவிதைக்கும் எடுத்துக்கொண்டோம். அளவு மட்டும் கூடியிருக்கிறது. நவீனத்துவம் புலன்களைப் பற்றியது என்று இருபது வருஷமாகப் பேசுகிறோம். நாக்கு புலன் இல்லையா?

முந்திரிக் காலத்தில் செந்துறைப் பக்கம் போனால், தோப்புக்கு வெகுதூரம் முன்பே புளித்த பழத்தின் வாசனை வரும். இனிப்பும் துவர்ப்பும் லேசான காறலும் கலந்தது. அந்த வாசனைக்கு அங்குள்ளவர்களிடமே பெயர் கேட்டுப் பார்த்தேன். பழ நாத்தம் என்றார்கள்.